மஞ்சள் சேலைக்காரி இல்லாத படம்

ஊருக்கெல்லாம் தீபாவளி ஒரு நாள். சாத்தூரில் அது முடிந்த பிறகுதான் தொடங்கும். கடைசி லோடு லாரியேறி, கம்பெனி கேட்டைப் பூட்டி, நகக்கண்ணில் ஏறிய வெடிமருந்தின் சாம்பல் நிறம் போகத் தேய்த்துக் குளித்த பிறகுதான் ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் நிதானமாகப் பார்ப்பார்கள். அந்த வருடம் கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. வேலையில்லாத ஊர், விடாத தூறல், புதிதாக வந்த ஒரு படம். சண்டை போட இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்!

படத்தின் பெயர் மேகவாணன். வானத்தில் பறந்து வந்து ஏழைபாழைகளைக் காப்பாற்றும் வீரனின் கதை. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒருமுறை எடுத்த படம்தான். இப்போது அதையே புது ஆள், புது உடுப்பு, புதுக் கிராபிக்ஸ் என்று திரும்ப எடுத்து விட்டிருந்தார்கள். அப்படி எடுத்தது தேவையா, தேவையில்லையா என்பதுதான் மொக்கைச்சாமியின் டீக்கடையில் தீபாவளி கழிந்ததிலிருந்து நடக்கிற வழக்கு.

டீக்கடைக்கு நேர் எதிர்வீடு பொன்னுத்தங்கத்தின் வீடு. பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காது முழுக்க எதிர்ப்பக்கம் இருந்ததால் காம்பும் கீரையோடு சேர்ந்து சட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எடுத்திருக்கவே கூடாதுலே," என்ற அந்தக் கனத்த குரல் அவள் வீட்டுக்காரர் தங்கச்சாமியுடையது. ஒரு காலத்தில் லோடுமேன், இப்போது லாரி டிரைவர். அந்தத் தெருவின் பழைய மேகவாணன் ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். மன்றத்துப் போர்டு துருப்பிடித்து, மொக்கைச்சாமி கடைக் கூரையில் ஒழுகுகிற இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. தலைவர் பதவிக்கு மட்டும் துரு ஏறவில்லை.

"என்ன மாமா கொறை கண்டீக?" என்றான் மொக்கைச்சாமியின் மகன் சபரிநாதன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைன் போடுகிறவன். "மேகத்துக்குள்ள பூந்து வாறானே, நம்ம மூஞ்சியில ஈரம் பட்ட மாதிரி இல்ல? பழைய படத்துல தொங்குற கயிறு தெரியுமாம்ல!"

"தெரிஞ்சா என்னலே? கயித்துல தொங்கினாலும் அவன் சிரிச்சுக்கிட்டே தொங்குனான். இவன் படம் முழுக்க வயித்துவலிக்காரன் மாதிரில்ல முழிக்கான்."

"அது சோகம் மாமா. அவனுக்குள்ள ஒரு வலி இருக்கு."

"வலி இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். எதுக்கு நம்ம தலைக்கு மேல பறக்கான்?"

கடையே சிரித்தது. சிரிக்காதவர் பேப்பர் கடை கமாலுதீன் ஒருத்தர்தான். அவருக்குச் சினிமா ஆகாது. காதில் வயரைச் செருகிக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்ப்பார். மன்றத்து ஆட்கள் எத்தனை வருடம் தொண்டை கிழியப் பேசியும் ஒரு சொல் அவர் காதுக்குள் போனதில்லை.

"எல்லாத்தையும் விடுப்பா," என்று மொக்கைச்சாமி டீ ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார். "அந்த மஞ்சச்சேலைக்காரியை எதுக்குத் தூக்குனான்? படத்துக்கே உசுரு அவதான? தட்டுல நிலாவை வச்சுக் குடுப்பாளே, அந்த எடம் எங்க?"

"அதைக் கேளு!" என்று இன்னொரு குரல். "நிலா இல்லாம அது என்ன மேகவாணன்?"

பொன்னுத்தங்கத்தின் கை கீரையில் நின்றுபோனது.

"சரி, ஒரு வழி சொல்லுதேன்," என்றான் சபரிநாதன். "புதுப்படம் வந்த சூட்டோட பழைய படத்தையும் நெட்டுல போட்டுட்டான். ஞாயித்துக்கெழமை மாமா வீட்டு டிவியில போட்டுப் பாத்துருவோம். அந்த நிலாவை என் கண்ணுல காட்டுங்க. புதுசா எடுத்தது வெட்டிவேலைன்னு நானே ஒத்துக்கிடுதேன்."

"போடுலே!" என்று தங்கச்சாமி தொடையைத் தட்டினார். கொஞ்சம் தாமதமாகத்தான் தட்டினார். அதைக் கவனிக்கிற நிலையில் பொன்னுத்தங்கம் இல்லை. ஏனென்றால் அந்தப் பழைய படத்தை அவள் பார்த்ததே கிடையாது.

*

பொன்னுத்தங்கம் பிறந்தது மல்லாங்கிணறு பக்கம். மழை பெய்தால் காட்டுவேலை, பெய்யாவிட்டால் வெடிப்பெட்டி ஒட்டுகிற வேலை. மழை பெரும்பாலும் பெய்யாது. சைக்கிளில் ஏஜெண்டு வந்து அட்டையும் லேபிளும் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டுப் போவார். அம்மா மைதாப் பசை காய்ச்சுவாள். இவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்தால், ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து விறைத்துப் போகும்.

அப்படி வந்த லேபிள்களில் ஒன்றுதான் மேகவாணன். படம் விருதுநகரில் வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. ஆனால் வெடிக் கம்பெனிக்காரர் படம் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று நம்பி லட்சக்கணக்கில் லேபிள் அடித்துவிட்டார். அடித்ததைத் தூரப் போட முடியுமா? ஒவ்வொரு சீசனுக்கும் ஒட்டித் தள்ளினார்கள். படம் ஓடாத ஊர்களில் பெட்டி ஓடியது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேகவாணன் பழக்கமானது புஸ்வாணப் பெட்டியில்தான்.

லேபிளில் பல தினுசு. ஒன்றில் ரயில் பாலத்துக்கு மேலே பறப்பான். ஒன்றில் பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்குவான். ஒன்றில் இரும்பு முகமூடிக்காரனோடு சண்டை. ஒன்றில் தண்ணித் தொட்டியின் உச்சியில் தனியாக நின்று மழையில் நனைவான். கடைசித் தினுசில் அவன் இல்லை. மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் மட்டும் இருந்தாள். இரண்டு கையாலும் ஒரு தட்டை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தட்டில் வட்டமாக, வெளிர் மஞ்சளாக, அங்கங்கே திட்டுத்திட்டாக ஒன்று. அச்சு கொஞ்சம் விலகியிருந்ததால் அதைச் சுற்றி ஒரு மங்கல் வளையம், மழைக்கு முன்னால் நிலா கோட்டை கட்டுமே, அதுபோல. மற்ற லேபிளில் எல்லாம் மேலே கம்பெனிப் பெயர் இருக்கும். இவள் லேபிளில் எழுத்தே கிடையாது. இம்புட்டு அழகாக இருக்கிறவளுக்குப் பெயர் எதற்கு என்று பொன்னுத்தங்கம் விட்டுவிட்டாள்.

மத்தியான வெயில் ஓட்டு இடுக்கு வழியே காசு காசாகத் தரையில் விழும். பசை வாசம் தலைக்குள் ஏறும். கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் படம் ஓடத் தொடங்கும். ரயில் பாலத்தில் காப்பாற்றுகிறான், பஸ்ஸைத் தூக்குகிறான், சண்டை போடுகிறான். சரி. ஆனால் அவனை யாராவது 'சாப்பிட்டியாப்பா' என்று கேட்டார்களா? ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால்தான் தண்ணித் தொட்டி மேல் தனியாக நிற்கிறான். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரே ஒரு வீட்டில் விளக்கு. அங்கே மஞ்சள் சேலைக்காரி சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வானத்திலிருந்து நிலாவைப் பறித்துக் கொண்டு போய்க் கொடுக்கிறான். அவள் அதை வாங்கித் தட்டில் வைத்து, பார்க்கிற அளவுக்குப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பி நீட்டுகிறாள். 'நிலா ஊருக்கு வேணும். வச்சுட்டு வாங்க, சோறு ஆறிரும்.'

இந்த இடம் வரும்போதெல்லாம் பொன்னுத்தங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அம்மா, "ஏட்டி, ஒரே பெட்டியில எத்தனை லேபிளை ஒட்டுவ?" என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது இரண்டு மாப்பிள்ளை. ஒருத்தர் ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை. அரசாங்கச் சம்பளம், குவார்ட்டர்ஸ் வீடு. அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. இன்னொருவர் சாத்தூரில் மூட்டை தூக்குகிற தங்கச்சாமி, அக்காள் வற்புறுத்தியதால் சும்மா வந்து எட்டிப் பார்த்தவர். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"மேகவாணனா? படம் பாத்திருக்கீகளா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வீட்டைவிட்டு எங்கும் போகாதவள் என்று நினைத்துவிடக் கூடாதே என்ற ரோசத்தில், "பாத்தேன், விருதுநகர்ல," என்றாள்.

"நானும் அங்கனதான் பாத்தேன். ஒங்களுக்கு எந்த எடம் புடிச்சுது?"

அவள் மஞ்சள் சேலைக்காரியைச் சொன்னாள். விளக்கு எரிகிற வீட்டைச் சொன்னாள், நிலாவைச் சொன்னாள், அவள் அதைத் திருப்பிக் கொடுத்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அந்த ஆள் முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"எனக்கும் அந்த எடந்தான்," என்றார். "கண்ணுல தண்ணி வந்துருச்சு."

அவ்வளவுதான். ஆலங்குளத்து மாப்பிள்ளை வேண்டாம் என்று பொன்னுத்தங்கம் ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சொந்தக்காரர்கள் அவளுக்குக் கிறுக்கு என்றார்கள். ஊருக்காகப் பறந்தவன் பசிக்கு இரங்கி அழத் தெரிந்த ஆள், தன் பசிக்கும் இரங்குவான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கணக்கு தப்பவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் லோடு ஏற்றிவிட்டு அலுத்து வந்து உட்காரும்போதெல்லாம் சோற்றுக்கு மேலே ஓர் அப்பளத்தைப் பொரித்து வைப்பாள். தட்டில் வைக்கிற மாதிரி வட்டமாக வேறென்ன இருக்கிறது வீட்டில்! "நிலா வந்துருச்சா?" என்பார் அவர். "வச்சுட்டு வாங்க, சோறு ஆறுது," என்பாள் இவள். மகள் சினேகா கல்லூரிக்குப் போகிற வயது வந்தும் இது ஓடிக்கொண்டிருந்தது. அவளும் அதைப் படத்து வசனம் என்றே நினைத்திருந்தாள். தங்கச்சாமி அந்தக் கதையை லாரி செட்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார். கேட்டவர்கள் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். மன்றமே அதில்தான் வளர்ந்தது.

ஆனால் பொன்னுத்தங்கத்தின் மனசில் ஒரு முள் உண்டு. 'நிலா ஊருக்கு வேணும்' என்ற வசனம் அவள் பசை காய்ந்த விரலோடு தானாக யோசித்தது. அதை அவர் எப்படித் தியேட்டரில் கேட்டார்? ஒன்று, அவள் நினைத்தது அப்படியே படத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் அந்தக் கண்ணீரும் பொய். அந்தக் கண்ணீரை நம்பித்தானே அவள் கழுத்தை நீட்டினாள்? இத்தனை வருடமும் அந்த முள்ளை அவள் தொட்டுப் பார்க்காமலேயே விட்டிருந்தாள். இப்போது சபரிநாதன் டிவி பெட்டியில் போட்டு எடுக்கப் போகிறான், பாவி!

*

சும்மா இருப்பாளா? "நெட்டு ரொம்ப இழுக்குது போல," என்று மகளிடம் மெல்ல எடுத்துப் போட்டாள். "எம் போன்ல இருந்து குடுக்கேன்மா," என்று சினேகா முடித்துவிட்டாள். மழைக்காலம், கரண்டாவது போகும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தூறினாலே போகிற கரண்டு அந்த வாரம் முழுக்கக் கல் மாதிரி நின்றது.

சனிக்கிழமை தங்கச்சாமி சாப்பிட்டுக்கொண்டே, "நாளைக்கு லோடு இருந்தாலும் இருக்கும்," என்றார்.

"தீபாவளி கழிஞ்சு ஏதுங்க லோடு?"

அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நிலா வந்துருச்சா என்று கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மன்றம் கூடியது. வாசலில் செருப்பு குவிந்தது. கமாலுதீனும் வந்தார், படத்துக்கு அல்ல, டீக்கடை பூட்டியிருந்ததால். கதவோரம் சாய்ந்து கிரிக்கெட்டைப் போட்டுக்கொண்டார். பொன்னுத்தங்கம் அடுப்படி வாசலில் சேலை முந்தியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் தொடங்கியது.

அடேயப்பா, என்ன படம் அது! கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவனின் கையும் தெரிந்தது. மேகம் என்பது பஞ்சுதான். ஆனாலும் அவன் பறந்தபோது அறை அமைதியானது. ரயில் பாலம் வந்தது. லேபிளில் இருந்த அதே பாலம். பொன்னுத்தங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பஸ் வந்தது. வெளியே மழைச் சத்தம், உள்ளே நீல வெளிச்சம். பழைய பசை வாசம் எங்கிருந்தோ மூக்கில் ஏற, ஒரு நிமிடம் அவள் மல்லாங்கிணற்றில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணித் தொட்டி வந்தது. மழையில் அவன் தனியாக நின்றான். இதோ, இதற்கு அடுத்தது மஞ்சள் சேலைக்காரிதான். விளக்கெரிகிற வீடு வரப்போகிறது, கதவைத் திறக்கப்போகிறாள்...

திறக்கவில்லை. பேண்ட் சட்டை போட்ட ஒரு பத்திரிகைக்காரி காரில் வந்து இறங்கி, மேகவாணனைப் போட்டோ எடுத்தாள். அதற்குப் பிறகு சண்டை. அதற்குப் பிறகு ஒரு பாட்டு. கடைசியில் அவன் எல்லாருக்கும் கையாட்டிவிட்டுப் பறந்து போனான். சாப்பிடாமலேயே போனான்.

அவன் போன பிறகும் ஆட்கள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டிட்டான்," என்றார் மொக்கைச்சாமி ஒருவழியாக. "நெட்டுக்காரன் அந்த எடத்தை வெட்டிட்டான்."

"இது முழுப் படம்ப்பா," என்றான் சபரிநாதன். எல்லார் முகத்தையும் சுற்றிப் பார்த்தான். "அப்போ உங்கள்ல ஒருத்தரும் பாக்கலையா? பாக்காத படத்தை வச்சா புதுப்படத்தை இம்புட்டு நாளா வஞ்சீக?"

இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் எல்லாக் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது.

"தலைவருதான சொன்னாரு," என்று ஒருவர் இழுத்தார்.

"நீதானலே விருதுநகர்ல மூணு தடவை பாத்தேன்னு சொன்ன?" என்றார் மொக்கைச்சாமி. "ஒன் பேச்சைக் கேட்டுத்தான நான் போர்டு எழுதி வச்சேன்?"

தங்கச்சாமி நிமிரவில்லை. ஒரு லாரி லோடைத் தனியாளாக இறக்கின மனுசன், தன் தலையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அதைப் பார்த்ததும் பொன்னுத்தங்கத்துக்குத் தன் பயம், முள் எல்லாம் மறந்து போனது. என் வீட்டுக்குள் வந்து, என் ஆளைத் தலைகுனிய வைப்பதற்கு இவர்கள் யார் என்று சுருக்கென்று கோபம்தான் வந்தது.

"அவுகளை ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள். "அது படத்துல உள்ளது இல்ல. என் கதை. நான்தான் அவுககிட்டப் பாத்தேன்னு பொய் சொன்னேன்."

தங்கச்சாமி இப்போதுதான் தலையைத் தூக்கினார். அவள் அவர் பக்கம் பார்க்காமல், கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தாள். கல்யாணத்தன்று அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி. அதில் அவள் சேலையைத் தவிர எதுவும் கிடையாது, அவரும் அதைத் தொட்டதில்லை. மூடியைத் திறந்து நிமிர்த்தி வைத்தாள். மூடியின் உள்பக்கம் முழுக்க லேபிள். பாலம், பஸ், முகமூடிக்காரன், தண்ணித் தொட்டி. கடைசியில் மஞ்சள் சேலைக்காரி, நிறம் கொஞ்சமும் மங்காமல் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"வெடிப்பெட்டி ஒட்டும்போது பாத்தது இம்புட்டுத்தான்," என்றாள். "மிச்சமெல்லாம் நானா நெனைச்சுக்கிட்டது."

ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். என்னதான் பார்க்கிறார்கள் என்று கமாலுதீனும் காது வயரைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். பார்த்தவர், "யா அல்லா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இவ இங்கனயா இருக்கா?"

"யாரு பாய் இது?"

"எங்க வாப்பா அப்பளக் கம்பெனி லேபிளுப்பா இது!" என்று அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பில் பேச்சு வரவில்லை. "அப்பெல்லாம் பேப்பர் வீணாகக் கூடாதுன்னு நாலு கம்பெனி வேலையை ஒரே ஷீட்டுல சேத்துப் போட்டு அடிப்பாங்க. எங்க அப்பளமும் இந்த வெடியும் ஒரே ஷீட்டு. வெட்டுறப்போ கட்டு மாறிப்போச்சு. எங்க லேபிளை எல்லாம் வெடிப்பெட்டி அளவுக்கு வெட்டிட்டான், பேரு இருந்த அடிப்பட்டை குப்பைக்குப் போயிருச்சு. வாப்பா தேடாத எடமில்ல. அந்த வருசம் எங்க அப்பளக் கட்டுல பூராவும் பறக்குறவன் படம். கடைக்காரங்க எல்லாம் போன் போட்டுக் கேட்டாங்க, 'பாய், இதைப் பொரிக்கணுமா, கொளுத்தணுமா'ன்னு!"

வீடே குலுங்கியது. மொக்கைச்சாமி தரையில் உட்கார்ந்து சிரித்தார். சினேகா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ தட்டுல இருந்தது நிலா இல்லையா பாய்?" என்று சபரிநாதன் கேட்டான்.

"உளுந்த அப்பளம்லே!"

பொன்னுத்தங்கமும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே தன் ஆளைப் பார்த்தாள். தங்கச்சாமி சிரிக்கவில்லை. மூடியில் இருந்த அந்தச் சின்னப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையும் எடுக்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

*

ஒவ்வொருத்தராகப் போனார்கள். சினேகா சிநேகிதி வீட்டுக்குப் போனாள். பொன்னுத்தங்கம் திறந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. தான் பொய் சொன்னது தெரிந்துவிட்டதே என்பதற்காக இல்லை. அவரும் படம் பார்க்கவில்லை. அப்படியென்றால் அந்தக் கண்ணுத்தண்ணி? ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால் ஆம்பளைகள் எதையும்தான் சொல்வார்கள். அவள்தான் கோட்டிக்காரியாக அதை ஒரு வரம் மாதிரி மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

சாயங்காலம் மொக்கைச்சாமி கடையைத் திறந்தார். மழை லேசாக விட்டிருந்தது. சபரிநாதனின் குரல் கேட்டது. "இப்பச் சொல்லுங்க மாமா. திரும்ப எடுத்தது தப்பா, சரியா?"

"எதைலே திரும்ப எடுத்தான்?" தங்கச்சாமியின் குரல். பொன்னுத்தங்கம் ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். "மொதப் படத்தையே இன்னும் எவனும் எடுக்கலையே. அது எம் வீட்டுக்காரிகிட்டல்ல இருக்கு. வந்து மரியாதையாக் கேட்டுட்டுப் போய் எடுக்கச் சொல்லு."

கடையில் யாரோ விசிலடித்தார்கள். பொன்னுத்தங்கம் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். கையில், நனையாமல் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு கட்டு அப்பளம். "பொரிச்சுத் தா, பொன்னு," என்று நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளு."

"படத்தை நீங்க பாக்கல."

"எங்கிட்டு பாக்க? அன்னைக்கு டிக்கெட்டு எடுக்க எனக்கு வக்கு ஏது? லோடு ஏத்தும்போது பெட்டியில பாத்ததுதான். நீ பாத்தேன்னு சொன்னதும், பாக்கலைன்னு சொல்ல வெக்கமாப் போச்சு."

"அப்போ கண்ணுல தண்ணி வந்துச்சுன்னீகளே. அதுவும் பொய்தான?"

தங்கச்சாமி தலையிலிருந்து வழிந்த மழைத்தண்ணியைப் புறங்கையால் வழித்தார். பெட்டி மூடியைப் பார்த்தார்.

"தண்ணி வந்தது நெசம்," என்றார். "நீ சொல்லிக்கிட்டு இருக்கும்போது வந்துச்சு. எங்க ஆத்தா போன பெறகு சாப்பிட்டியான்னு என்னைய யாரும் கேட்டதில்ல. பொண்ணு பாக்க வந்த எடத்துல அழுதுட்டேன்னு எப்பிடிச் சொல்ல? அதான் தேட்டர்ல அழுதேன்னு சொல்லி வச்சேன்."

பொன்னுத்தங்கத்துக்கு அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பி நின்ற முதுகு நினைவு வந்தது. அன்றைக்கு அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. எத்தனை வருடம் அந்த முதுகைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறாள்! அப்பளக் கட்டை வாங்கிக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் காய்ந்ததும் போட்டாள். அது உப்பி, திட்டுத்திட்டாகக் கொப்பளித்து, வட்டமாக விரிந்தது.

சோற்றைப் போட்டு, மேலே அப்பளத்தை வைத்து, தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நிலா வந்துருச்சு," என்றார் தங்கச்சாமி. எழுந்திருப்பது போல ஒரு பாவனை செய்தார். "கொண்டு வச்சுட்டு வந்துரட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் அவள். "ஊருக்கு இன்னைக்கு மேகமாத்தான கெடக்கு. நீங்களே சாப்பிடுங்க."

அவர் அதை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை அவள் கையில் கொடுத்தார்.